சுடலைமுத்து எழுதிய லைப்ரரி

2047 மார்ச் 4, கோவை. பிறர் தங்கள் செயலிகளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பான ஒரு ஜாவா லைப்ரரியை ஒரு செயலியாவது பயன்படுத்தும்வரை, அதை எழுதியவர் எந்நேரமும் அழைப்பை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

செயலி ஒன்றை எழுதி நடத்தும் ஸ்டெல்லாவைத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தன் கணவர் சுடலைமுத்து எழுதிய லைப்ரரியை இப்போது ஸ்டெல்லாவின் செயலி மட்டுமே வைத்திருக்கிறதாம்.

"வியாழக்கிழமை அவருக்கு இதய ஆபரேஷன், தாயி. கையில போனோட இருக்கவருக்கு மயக்க ஊசி போடுவாங்களா?"

"இப்பவே எடுத்துடறேன்க்கா."

ஸ்டெல்லா தன் நிரலில் அந்த லைப்ரரியை அழைக்கும் வரியை நீக்கி, வேறொரு லைப்ரரியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். செயலி பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியலில் சுடலைமுத்துவின் பெயர் அப்படியே இருந்தது. செயலிக்கு அடித்தளமான ஃப்ரேம்வொர்க்கே அதைத் தன்னோடு கூட்டி வந்திருந்தது.

"ஃப்ரேம்வொர்க்கையே மாத்தணும்க்கா. ஒரு வருஷமாகும்."

"ஆபரேஷன் இல்லாம ஒரு மாசம்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. சுடலைமுத்து அன்று இரண்டு அழைப்புகளை எடுத்தார்.