இணைப்பு மாமனார் பெயரில்

இடியில் கருகிய பழைய ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதியதில் ஒயரைச் செருகினாள் வெண்ணிலா. கட்டிலில் கிடக்கும் கணவன் பூபதிக்கு மூச்சுக் கொடுக்கும் மெஷின் நெட் இல்லாமல் பதினைந்து நிமிடம்தான் ஓடும். பத்து போய்விட்டது. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரமாகுமாம்.

"இணைப்பின் உரிமையாளர் கோதண்டம் முகம் காட்டவும்" என்றது ரவுட்டர்.

கோதண்டம் அவளுடைய மாமனார்.

"நான் மருமகதாண்ணா, என் மூஞ்சியக் காட்டுறேனே" என்றாள், போனில் நெட் கம்பெனிக்காரரிடம்.

"ரவுட்டர் ஒத்துக்காதும்மா. பெரியவரு கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரா? கையக் காலப் பிடிச்சாவது கூட்டிட்டு வாங்க."

"பேர மாத்துங்க மாத்துங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேண்ணா. 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'னுட்டாரு இவரு."

பூபதியின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெண்ணிலா நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த மாமனாரின் படத்தை இறக்கினாள். சந்தன மாலையைக் கழற்றி, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, ரவுட்டரின் முன்னால் பிடித்தாள்.

"வணக்கம், கோதண்டம்" என்றது அது. "இப்போது கண்ணைச் சிமிட்டுங்கள்."