ஏசுஅடிமை எடுத்த காயிதம்

“ஏலே, பாத்தியா? அந்தாளு புஸ்தகத்துக்குள்ள இருந்து என்னத்தையோ உருவி சட்டைக்குள்ள சொருகுதாரு!”

பிரதீஷ் சஜினை விலாவுல இடிச்சான்.

வள்ளிநாயகம் சாரு செத்துப் பதினாறாம் நாள் அடியந்திரம். சாப்பாடு முடிஞ்ச கையோட, அவரு புஸ்தகங்களைக் காலேஜ் லைப்ரரிக்குக் கட்டிக் குடுக்க, அவருக்கிட்ட விலங்கியல் படிச்ச பயலுவ வந்து நிக்கானுவ. அதுல படிப்பைப் பாதியில விட்டவன் பிரதீஷ் மட்டும்தான். ஆனா சாரு பேச்சு வந்தா முதல்ல கண்ணு நிறையதும் அவனுக்குத்தான்.

கரப்பான் பூச்சியை அறுக்குமுன்னகூட “மன்னிச்சிருடே”ன்னு சொல்லுத மனுசன் சாரு. “ஒனக்கு டிகிரி எதுக்குடே, நாக்கு இருக்கே”ன்னு அவரு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு, பிரதீஷ் மூணு வருசமா கோயில் கொடைக்குக் கொடை மைக்குல அறிவிப்பு சொல்லிப் பொழைக்கான்; அதுல அவன் அப்பாவுக்குத் தீராத கொறை.

காயிதம் உருவினது ஏசுஅடிமை. லேப் அட்டெண்டர்.

ரெண்டு வருசம் முன்ன, சாரு பிரின்சிபாலா ஆகப்போற நேரம் பாத்து, ‘மார்க்கு போட கை நீட்டுதாரு’ன்னு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போச்சு. விசாரணையில அது பொய்யின்னு தெரிய ஒரு வருசம். அதுக்குள்ள நாற்காலி வேறாளுக்குப் போயாச்சு. எழுதினது யாருன்னு சாரு வாயே தொறக்கல்ல.

ஊரு தொறந்துச்சு. “கூடவே கெடந்த ஏசுஅடிமைதான், வேற ஆரு?”

“நான் அப்பவே சொன்னேன்லா மக்கா,” பாயாச வாளியோட வந்து நின்னாரு பிரதீஷோட அப்பா பொன்னுலிங்கம். “தடயத்தை அழிக்க வந்திருக்கான். விடாத.”

அப்பாவுக்குக் கருங்கல் ஊருல மளிகைக்கடை. அடியந்திரத்துக்குச் சாமானெல்லாம் அங்க இருந்துதான். சாரு போனப்புறம் அவரு சம்சாரம் மீனாட்சியம்மாள் மொதமொதல்ல சிரிச்சது அப்பா எழுதின லிஸ்டைப் பாத்துத்தான். மேல ‘அய்யா உண்டு’, அடுத்த வரி ‘சர்க்கரை பத்து கிலோ’. அய்யாவழிக்காரர். மாத்திரை பேரு குறிச்சாலும் சாமி பேரு இல்லாம அவருக்குப் பேனா ஓடாது.

பிரதீஷ் ஓடிப்போய் ஏசுஅடிமையை வாசல்ல மறிச்சான்.

“நில்லும் அண்ணாச்சி. சட்டைக்குள்ள என்ன, தாயத்தா?”

“ஒண்ணுமில்ல மக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா நெஞ்சு இப்பிடி பொடச்சிருக்கு? எடும்.”

“சாரு ஆஸ்பத்திரியில வச்சு சொன்னதுடே. பயலுவ புஸ்தகம் எடுக்க வருமுன்ன இதை எரிச்சிரணும்னு. வழியை விடு.”

“அடேயப்பா, நல்ல சாட்சி! சாரு எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லப்போறாரு?”

கூட்டம் சேந்தாச்சு. பிரதீஷ் அவரு சட்டைக்குள்ள கையை விட்டு உருவினான். நாலா மடிச்ச ஜெராக்ஸ்.

“மொட்டைப் பெட்டிஷன்தான்லே!” சஜின் எட்டிப் பாத்துக் கூவினான். “விசாரணையில சாருக்குக் குடுத்த காப்பி! நீ வாசிலே, மைக்குக்காரா, கையெழுத்து ஆருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்!”

பிரதீஷ் கொடை மேடையில நிக்கது மாதிரி தொண்டையைக் கனைச்சான். பிரிச்சான்.

தொறந்த வாயி அப்பிடியே நின்னுபோச்சு.

“என்னலே, எழுத்து தெரியலியா? வாசி!”

பாயாச வாளி பந்தலுக்குள்ள பைய நகர்ந்துச்சு.

ஏசுஅடிமை பிரதீஷ் மூஞ்சியைப் பாத்தாரு. அவன் விரலை ஒவ்வொண்ணா விடுவிச்சு காயிதத்தை வாங்கினாரு.

“அவன் என்னத்த வாசிக்க? நான்தான் எழுதினேன். போதுமா?”

“பாத்தியளா, கள்ளன் வாயாலயே வந்துட்டு!”

“தூ! சாரு வீட்டு வாசல்ல நிக்க ஒமக்கு வெக்கமில்லியா ஓய்?”

ஏசுஅடிமை நேரா சமையல் அடுப்புக்குப் போய் காயிதத்தைப் போட்டாரு.

நாக்கை வச்சுப் பொழைக்கிற பிரதீஷ் கூடவே நடந்து போய் அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னான்.

காயிதம் மெல்லச் சுருண்டுச்சு. எழுதின கையே பேனாவால அடிச்சு விட்டிருந்தாலும், அந்த மொத வரி தீ பிடிக்கது வரைக்கும் நல்லாவே தெரிஞ்சுது.

‘அய்யா உண்டு.’