முடிச்சின் மேல் அரக்கு

லைசென்ஸ் இல்லாத படகில் ஏறி யாரும் முழுகிச் செத்துவிடக் கூடாதாம். அதனால் பிச்சைக்கண்ணுவின் படகைக் கரையிலிருந்த கல்தூணோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி முத்திரை குத்திவிட்டுப் போனார் அதிகாரி. லைசென்ஸுக்கு அவன் மனுக் கொடுத்து எட்டு மாதமாக இழுத்தடிக்கிறார்கள்.

இன்று காலை அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு ஏற ஏற, கயிறு விடாததால் மேலே எழும்ப வழியில்லாமல் படகு தலைகுனிந்து சாய்ந்தது. அக்கரை மேட்டில் சிக்கிக்கொண்டவர்கள் துண்டை வீசி வீசி அவனைக் கூப்பிட்டார்கள்.

"ஏங்க, அருவா இருக்கு. ஒரே வெட்டு," என்றாள் அவன் மனைவி செவந்தி.

"முத்திரை ஒடஞ்சா ஜெயிலுடி. அப்புறம் ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கெடையாதுன்னாரு."

அதிகாரிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

படகுக்குள் தண்ணீர் புகுந்தது. மிதந்து வந்த மரம் ஒன்று தூணைப் பார்த்துத் திரும்பியது. பிச்சைக்கண்ணு பதறிப்போய் ஆற்றில் இறங்கினான். செவந்தி அருவாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில், வருகிற மரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று, அந்த அரக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.