ஏழு மூட்டை சீமெந்து

"அந்த மனிசன்ட வேலை நமக்கு வேணாம்" என்றாள் றைஸா. பிளேன்டீக் கோப்பையை அவள் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"வந்த வேலைய விட்டா அடுப்பு எரியுமா? தோட்டத்துல ஒரு கொங்கிறீட் தளம். ரெண்டு நாள் வேலை" என்றான் ஸியாத்.

"தோட்டம் எண்டா? அந்தப் பின்வளவா?"

அவளுக்குத் தெரியாத வளவா அது!

போன மாரி மழையில்தான் றைஸாவின் உம்மா மவுத்தானார். ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர். அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட ஒரு முழம் காய்ந்த தரை இல்லை. மேட்டில் இருந்தது நூஹு ஹாஜியாரின் வளவு ஒன்றுதான். ஸியாத் போய்க் கேட்டடியில் நின்று கெஞ்சினான்.

"பூங்கண்டு நட்டு ஒரு மாசம்கூட ஆகல்ல. ஆக்கள் மிதிச்சா எல்லாம் போயிரும். வேற இடம் பாருங்க" என்று சொல்லி ஹாஜியார் கேட்டைச் சாத்திவிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த மனுசி உம்மா. கடைசிக் குளிப்பும் சேற்றுக்குள்தான். குளிப்பாட்டிய தண்ணீர் ஓட வழியில்லாமல் கட்டிலைச் சுற்றியே தேங்கி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளுக்கு மறக்குமா?

"போறதெண்டாப் போங்க" என்றாள் றைஸா கடைசியில். "ஆனா அந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டும் குடிக்கப் படாது."

ஹாஜியார் பின்வளவில் காத்து நின்றார். பூங்கன்றுகளையெல்லாம் பிடுங்கி ஒரு மூலையில் குவித்திருந்தார். ஒழுங்கைப் பக்கத்து மதிலை உடைத்து அகலமாக ஒரு கேட்டும் புதிதாகப் போட்டிருந்தார். ஏழு மூட்டை சீமெந்து, மணல், சல்லி எல்லாம் வந்து இறங்கியிருந்தன.

"பன்னிரண்டுக்குப் பத்தடி, மேசன் பாஸ். அந்த மூலைக்கு நல்ல வாட்டம் வேணும். தண்ணி தேங்கவே படாது. இதுல ஒரு பைப்பும் வரும்."

முன்வாசலில் நின்ற புதுக் காரை ஸியாத் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"கார் கழுவவா ஹாஜியார்?"

ஹாஜியார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பலமாப் போடுங்க பாஸ். காலம் முழுக்கக் கிடக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸியாத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "பாத்தியா றஸ்மி! மனிசரக் குளிப்பாட்ட இடம் தராத வளவுல காரக் குளிப்பாட்ட இடம் வந்திட்டு!"

கூட வேலை செய்கிற றஸ்மி மண்வெட்டியை எடுத்துக் கலவையைக் குழைக்கத் தொடங்கினான்.

நாலாவது மூட்டையோடு ஸியாத் கையைக் காட்டி நிறுத்தினான்.

"காணும், இனிப் போட வேணாம்."

"என்ன பாஸ், காணுமா? கலவை வெளிறிப் போய்க் கிடக்கு. ரெண்டு மழைக்குப் பேர்ந்துரும்."

"பேரட்டும். மிச்சம் மூணையும் உன்ட ஓட்டோவுல ஏத்து. மேல வெறும் சாக்கைப் போட்டு மூடு."

பதினேழு வருச மேசன் வேலையில் அவன் ஒரு கரண்டி சீமெந்து களவெடுத்தவனில்லை. அன்றைக்கு மட்டும் கை கூசவில்லை. மேலுக்குச் சீமெந்துப் பால் ஊற்றித் தேய்த்துவிட்டான். பார்வைக்குத் தளம் கருங்கல்லு மாதிரித்தான் இருந்தது.

வீட்டுக் கோடியில் இறங்கிய மூட்டைகளைப் பார்த்து "இது ஏது?" என்றாள் றைஸா.

"மிஞ்சினது."

அவளும் ஒரு பழைய சாக்கை எடுத்து மூட்டைகளை மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் ஆள் அனுப்பினார். விசயம் பிடிபட்டுவிட்டதோ என்று பயந்துகொண்டுதான் ஸியாத் போனான்.

கார் முன்வாசலிலேயே நின்றது. பின்வளவில் புதுக் கேட்டுத் திறந்து கிடந்தது. பள்ளிவாசல் மோதினார் ஸலாஹுதீனும் இன்னும் மூன்று பேரும் எதையோ தூக்கிக்கொண்டு ஒழுங்கையிலிருந்து உள்ளே வந்தார்கள். பள்ளிவாசலில் இருக்கிற மையித்துக் கட்டில்!

அதைத் தளத்தின் நடுவில் வைத்தார்கள். மோதினார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் தேங்காமல் நேரே மூலைக்கு ஓடியது.

"அளவெடுத்தது போல இருக்கு. சுத்தி நிண்டு குளிப்பாட்டவும் இடம் காணும்" என்றார் மோதினார்.

ஹாஜியார் இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு திறப்பை எடுத்தார்.

"இது இந்தக் கேட்டுப் பூட்டுத் திறப்பு, பாஸ். றைஸாட கையில குடுங்க. இனி ஒரு மவுத்துக்கு ஆரும் எனக்கிட்ட வந்து கெஞ்சி நிக்கப் படாது. நான்தானே அண்டைக்குக் கேட்டைச் சாத்தின. அதுக்குப் பொறகு அந்தப் புள்ளைட முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு. உங்கட கையாலதான் இதைப் போடணும் எண்டு நினைச்சுத்தான் கூப்பிட்ட. வாயால சொல்லத்தான் வெக்கமாப் போயிட்டு."

ஸியாத் குனிந்து தளத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். மணல் பொலபொலவென்று உதிர்ந்து விரலில் ஒட்டியது.

"திறப்பு உங்கட கையிலயே இருக்கட்டும் ஹாஜியார். நாளைக்கு வந்து இதை உடைக்கணும்."

"உடைக்கவா? ஏன் மகன்? நல்லாத்தானே இருக்கு!"

"நான் இதைக் காருக்கெண்டு நினைச்சுப் போட்டது."