நீலத் திரைக்கு ஏங்கிய கீபோர்டு

ஒரு டி.டி.பி. கடையில் கீபோர்டும் மௌஸும் ஒரே மேசையில் வேலை பார்த்தன. வயதில் மூத்த கீபோர்டு நாள் தவறாமல் மௌஸை வம்புக்கு இழுக்கும்.

"அந்தக் காலத்து டைப்பிங் மென்பொருள் மாதிரி வருமாடா? நீலத் திரை, வெள்ளை எழுத்து! எல்லா வேலையும் நானே பார்ப்பேன். உன்னை யாரும் சீண்டக்கூட மாட்டாங்க."

மௌஸ் மனசுக்குள் குமுறும்.

ஒருநாள் ஒரு பேராசிரியர், ஆந்தைகளைப் பற்றி எப்போதோ எழுதிய ஆய்வேட்டைத் திருத்தக் கொண்டுவந்தார். பழைய மென்பொருளில்தான் அது திறக்கும் என்பதால், கடைக்காரி அமிர்தவல்லி அதைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றினாள். நீலத் திரையைப் பார்த்ததும் கீபோர்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"வந்துட்டான் பாருடா என் ராஜா!"

திருத்தவேண்டிய வரி இருநூறாவது பக்கத்தில் இருந்தது. அங்கே நேராகத் தாவும் குறுக்குவழி அமிர்தவல்லிக்கு மறந்துபோயிருந்தது. அதனால் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தாள். முப்பதாவது பக்கம் வருவதற்குள் அவளுக்கு விரல் வலித்தது. கீபோர்டுக்கு உடம்பே வலித்தது. அந்த மென்பொருளில் வேலையே இல்லாமல் சும்மா கிடந்த மௌஸைத் தூக்கி அந்த அம்புக்குறிமேல் பாரமாக வைத்துவிட்டு, அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

மௌஸ் பதறிப்போனது. "அண்ணே, ரொம்பக் கனக்குறேனா? வலிக்குதா?"

"உயிர் போகுதுடா," என்று முனகியது கீபோர்டு. திரையில் ஆந்தைகள் ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. "ஆனா பாரு, என்ன அழகா ஓடுது!"