பழைய வெர்ஷன்

"இந்த போனைப் பழையபடி ஆக்கிக் குடும்மா. என் வீட்டுக்காரியோடது. ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது."

பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். அவள் பார்ப்பது செல்போன் வைத்தியம்.

"பழையபடின்னா?"

"போன வாரம் ஏதோ அப்டேட் வந்துச்சு. அதைத் தூக்கிட்டு, முன்னாடி இருந்ததையே போட்டுடு."

"புதுசுல ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்ல. அதான் கோளாறு."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனைவிக்குத் தெரியாமல் மனைவி போனை நோண்டுகிற ஆண்கள் இந்தக் கடைக்குப் புதிதில்லை. யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று துருவுகிற ரகம். இவர் வயசுக்குமா இந்தப் புத்தி?

"அப்படியெல்லாம் செய்ய முடியாது சார். பழசுக்குப் போனா உள்ளே இருக்கற படம், நம்பர் எல்லாம் அழிஞ்சுடும். பாஸ்வேர்டும் வேணும். போன் அவங்களுதுன்னா, அவங்களையே கூட்டிட்டு வாங்க."

அவர் நகரவில்லை. கவுன்ட்டர் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. நான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாம ஓடியிருக்கேன். ரிட்டயர் ஆனேன், ஒரு ஈ காக்கா கூப்பிடல. இவ ஒருத்திதான் கூப்பிட்டுட்டு இருந்தா. 'என்னங்க, எழுத்து பொடிசாப் போச்சு', 'என்னங்க, படம் அனுப்ப வரல'ன்னு. உட்கார விடமாட்டா."

"இப்போ?"

"இப்போ வாயால கேட்டாலே போன் வழி சொல்லிடுது. அவ அதுகூடவே பேசிக்கறா. நான் சோபாவுல குஷன் மாதிரி கிடக்கறேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அவங்க தானாவே எல்லாம் பண்றாங்கன்னா நீங்க சந்தோஷம்தானே சார் படணும்? நீங்க கெட்டிக்காரரா இருக்கணும்னா அவங்க காலத்துக்கும் ஒண்ணும் தெரியாதவங்களாவே இருக்கணுமா?"

பெரியவர் முகம் சுண்டிப்போனது. தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ கேக்கறதும் நியாயம்தாம்மா. எனக்கு அப்படித் தோணவே இல்ல பாரு." போனைக் கைக்குட்டையால் துடைத்து, பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சரியாகத்தான் கேட்டோம் என்று டாக்டர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். ஆனாலும் அந்தக் குனிந்த தலை கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் கடை திறந்த கையோடு ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் அதே போன்.

"நேத்து எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாராம்மா?"

"உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"அவராவது சொல்றதாவது! போனைக் காணோமேன்னு டேப்லெட்ல தேடினேன். மேப்புல உன் கடையைக் காட்டுச்சு. என்ன கேட்டார்?"

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க கவலைப்படாதீங்கம்மா. நல்லா நறுக்குன்னு கேட்டு அனுப்பிட்டேன்."

"அடப் பாவமே! அதான் ராத்திரி சரியாவே சாப்பிடலையா?" அம்மாள் போனில் ஏதோ தட்டிவிட்டுக் கவுன்ட்டரில் வைத்தார். "அவர் கேட்ட மாதிரியே பழசைப் போட்டுக் குடுத்துடும்மா. படம், நம்பர் எல்லாம் எப்பவுமே வேற இடத்துல எடுத்து வச்சுடுவேன். லாக்கையும் இதோ எடுத்துட்டேன்."

டாக்டர் வாங்கிப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு இது தெரியாது.

"இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டு, அவருக்காக ஏன்மா திரும்பப் பழசுக்குப் போறீங்க?"

"இப்பக் கத்துக்கலம்மா. எனக்கு எப்பவோ தெரியும்." அம்மாளுக்கு வெட்கத்தோடு சிரிப்பு வந்தது. "அவர் பக்கத்துல வந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொண்ணாச் சொல்லித் தர்ற அழகைப் பார்க்கணுமே! பழசுலன்னா தெரியாத மாதிரி நடிச்சுடுவேன். இதுல எங்க? அவரைக் கூப்பிட நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, இந்தச் சனியன் முந்திக்கிட்டுப் பதில் சொல்லிடுதே!"