இடது கெண்டைக்கால்

"உங்க மாவ்ஷிக்கு என்ன வயசு இருக்கும்?"

போன மாதம் அவெலின் அங்கிள் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பதற்றத்தில், மாவ்ஷி சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்தேன்.

முப்பத்தெட்டு.

தனக்கு நாற்பத்திரண்டு என்றார் அவர். பொருத்தம் சரியாக இருந்தது. என் அம்மாவின் தங்கையான மாவ்ஷிக்கும் அவருக்கும் ஜனவரியில் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு.

இன்று காலை மிராமார் கடற்கரையில் அந்த முப்பத்தெட்டுக்கு ஆபத்து வந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் விடாமல் முடிக்கிற போட்டி. மாவ்ஷிக்கு முதல் முறை. படம் எடுக்க என்னை அழைத்து வந்திருந்தாள்.

தொடங்குமுன் ஒரு பெண் கறுப்பு மார்க்கரால் அவள் கையில் எண் எழுதினாள். பிறகு திரும்பி நிற்கச் சொல்லி, இடது கெண்டைக்காலில் வயதை எழுதினாள்.

46.

"எனக்கு நாப்பத்தாறு ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்று பல்லைக் கடித்தாள் மாவ்ஷி.

"டிசம்பர் கடைசிக்கு என்ன வயசோ அதைத்தான் எழுதணும் ஆண்ட்டி."

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"அவர் வந்துட்டாருடி. பின்னாடி நின்னு ஒரு படம்கூட எடுத்துடாத. அவரையும் பார்க்க விடாத."

கடல் அழித்துவிடும் என்று நம்பி இறங்கினாள். கரையேறியபோது கெண்டைக்கால் எண் முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது.

அவெலின் அங்கிள் என் பக்கத்தில் வந்து நின்றார். இந்த வெயிலில், இந்த மணலில், இஸ்திரி போட்ட முழுக்கால்சட்டை. போன ஞாயிறு அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மால்வண் போயிருந்தவர், இன்று முதல் ஆளாக வந்திருந்தார்.

மாவ்ஷி கடக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன்.

"ஏம்மா, நீ என்ன கண்ணாடியா? உனக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியுமா?" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

சைக்கிளில் அந்த எண் மேலும் கீழும் போய் ஊருக்கே வணக்கம் வைத்தது.

"சைக்கிள்லேருந்து இறங்கினதும் கால் மரக்கட்டையா இருக்கும். மெதுவா ஓடணும்" என்று முணுமுணுத்தார் அங்கிள்.

டிவியில் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

ஓட்டத்தில் மாவ்ஷி எங்களைக் கடந்தாள். கை தவறிக் கேமராப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"காட்டு" என்று கேமராவை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார்.

"அது... அது குழு நம்பர் அங்கிள்."

என் இரண்டாவது பொய். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரிக் கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் குனிந்தார். கால்சட்டையின் இடது காலை மட்டும், மடிப்புக் கலையாமல், முழங்கால்வரை சுருட்டிவிட்டார்.

கெண்டைக்காலில், ஒரு வாரம் சோப்புப் போட்டும் போகாத கறுப்பு மை.

53.

பிறகு மாவ்ஷி வந்துசேரப்போகும் முடிவுக்கோட்டை நோக்கி, சுருட்டிய கால் சுருட்டியபடியே நடந்து போனார்.